ஒட்டிக்கொண்ட ஆவி: வாசகர் கேள்வி – பதில்

சுடலைமாடன் கொடையில் வந்து இறங்கும் சாமியையும் வழியில் ஆட்களைப் பிடிக்கும் பேயையும் பற்றிச் சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு விடை எழுதும்போது, யூதர்களிடமும் ‘திப்புக்’ என்று ஓர் ஆவி உண்டு என ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மற்ற கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு பொருள் இல்லை.

*கொச்சியில் நடப்பதாகக் காட்டும் மலையாளப் படம் ஒன்றில், யூதர் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்ததும் திப்புக் வெளியே வருகிறது. பெட்டிக்குள் அடைத்துவைக்கப்படும் ஆவிதானே அது?*
— வாசகர், தென்காசி

இல்லை. பெட்டிக்கதை பழைய யூத மரபில் இல்லாதது; அதற்கு வயது இருபது ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒருவர், மதுப்புட்டிகள் வைக்கும் பழைய அலமாரிப் பெட்டி ஒன்றை இணைய ஏலத்தில் விற்பனைக்கு வைத்தார். யூதப் படுகொலைக்குத் தப்பிவந்த ஒரு மூதாட்டியின் உடைமை அது என்றும், அதற்குள் திப்புக் இருக்கிறது என்றும் விளம்பரத்தோடு நீண்ட கதை ஒன்றையும் சேர்த்தார். பெட்டி கைமாறக் கைமாறக் கதை வளர்ந்தது, திரைப்படங்களும் வந்தன. 2021இல் அந்த மனிதரே, கதை முழுவதும் தம் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். மரபுவழித் திப்புக்குக்கு மரப்பெட்டியால் ஒரு பயனும் இல்லை. அதற்கு வேண்டியது உயிருள்ள உடம்பு.

*‘திப்புக்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?*
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

ஒட்டிக்கொள்வது, பற்றிக்கொள்வது என்பதே பொருள். இன்றைய எபிரேயத்தில் பசைக்கு ‘தேவெக்’ என்று பெயர். அதுவும் இதே வேரிலிருந்து பிறந்த சொல்தான். தங்கள் வீட்டில் தமிழ் விவிலியம் இருந்தால் ரூத்தின் கதையைப் புரட்டிப் பாருங்கள். மருமகள் ரூத், மாமியாரை ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்று வரும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள வினையும், ஆதியாகமத்தில் கணவன் தன் மனைவியோடு ‘இசைந்திருப்பான்’ என்று வரும் இடத்தில் உள்ள வினையும் இந்த வேரைச் சேர்ந்தவையே. யூத மறைஞானிகள், இறைவனோடு மனம் ஒன்றிக் கிடக்கும் நிலைக்கும் இதிலிருந்தே ‘தெவேகுத்’ என்று பெயர் வைத்தனர். அன்பு, இல்லறம், பக்தி, பேய் என்ற நான்கையும் ஒரே வேர் தாங்குவது தமிழருக்கு வியப்பாக இராது; நாமும் பேய் பற்றியது என்கிறோம், தீப் பற்றியது என்கிறோம், பிள்ளையின்மேல் பற்று என்கிறோம்.

ஆனால் ஆவியின் பெயராக இச்சொல் வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில்தான். அதற்கு முந்தைய பதிவுகளில் வெறுமனே ‘ஆவி’ என்றோ ‘கெட்ட ஆவி’ என்றோதான் எழுதினார்கள்.

*எங்கள் ஊரில் அகால மரணம் அடைந்தவர்கள் பேயாக வந்து பிடிப்பார்கள் என்பார்கள். திப்புக்கும் அப்படித்தானா, அல்லது வேறா?*
— வாசகி, ஏரல்

தொடக்கம் ஒன்றுபோலத்தான் தோன்றும். முடிவு நேர் எதிரானது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

யூதர்களின் பழைய நூல்களில் மனிதரைப் பிடிப்பவை பெரும்பாலும் ‘ஷேத்’ எனப்படும் பூதங்கள்; அவை ஒருபோதும் மனிதராக வாழ்ந்தவை அல்ல. இறந்த மனிதரின் ஆவியே உயிரோடிருப்பவருக்குள் புகும் என்ற கருத்து வலுப்பெற்றது 16ஆம் நூற்றாண்டில், கலிலேய மலைநாட்டில் உள்ள சஃபேத் என்ற ஊரில். அங்கே 1570இல் வந்து சேர்ந்து, இரண்டே ஆண்டுகள் போதித்து, 1572இல் கொள்ளைநோயில் மாண்டுபோன ஈசாக்கு லூரியா என்ற மறைஞானியும், அவருடைய சீடர் ஹயீம் வித்தாலும் மறுபிறப்புக் கொள்கையை விரிவாக வகுத்தார்கள். ஆம், மறுபிறப்புதான், எபிரேயத்தில் அதற்குக் ‘கில்கூல்’, அதாவது உருளுதல் என்று பெயர். உயிர் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு உருண்டு செல்லும் என்பதை யூதர்கள் நம்பினார்கள் என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

பாவம் செய்த உயிர் ‘கெஹின்னோம்’ என்ற தண்டனை இடத்தில் பன்னிரண்டு மாதங்கள் தூய்மை பெறும் என்பது யூத மரபு. நம் வீடுகளில் தலைத்திவசம் வரை கணக்கு வைப்பதைப் போன்ற ஓராண்டு அது. ஆனால் சிலருடைய பாவம் மிகக் கொடியது என்றால் அந்த நரகத்தின் வாசலே அவர்களுக்குத் திறக்காது. அப்படிப்பட்ட உயிரை அழிவின் தூதர்கள் உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கவண்கல்லைப் போல வீசி எறிவார்கள். வயலில் கிளி விரட்டக் கவண் சுற்றியவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும். (பகைவரின் உயிரைக் கடவுள் கவணில் வைத்து எறிவார் என்று சாமுவேலின் முதல் நூலில் வரும் ஒரு வரியிலிருந்து அறிஞர்கள் விரித்தெடுத்த காட்சி இது.) கல்லிலும் மரத்திலும் விலங்கிலும் ஒதுங்கிப் பார்த்து, எங்கும் அடி ஓயாத அந்த உயிர், கடைசியில் ஒரு மனித உடம்புக்குள் ஓடி நுழைந்துகொள்கிறது, உள்ளே இருக்கும்வரை தூதர்களின் அடி அதன்மேல் விழாது. எனவே திப்புக் பழிவாங்க வந்ததாக இருப்பது அரிது. அது ஒண்ட இடம் தேடி வந்த அகதி.

சஃபேத்தில் அந்நாளில் வாழ்ந்தவர்களில் பலர், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு ஊர் ஊராக அலைந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நிற்க இடமில்லாத ஆவிகளின் கதை அப்படிப்பட்ட ஊரில் பிறந்தது தற்செயல் அன்று என்பது என் ஊகம்.

இப்போது நம் பக்கத்தைப் பாருங்கள். கொலையுண்ட பெண் இசக்கியாகிறாள்; வெட்டுண்டு மாண்ட வீரன் மாடனோடு சேர்ந்து பீடம் பெறுகிறான்; வில்லுப்பாட்டில் அவர்களுடைய கதை பாடப்படுகிறது; ஆண்டுதோறும் கொடை கிடைக்கிறது. 1809இல் திருவிதாங்கூர்ப் போரில் காயமுற்று இறந்த போல் என்ற ஆங்கிலப் படைத் தலைவனின் கல்லறையில், நம் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டதாக 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பதிவுகள் கூறுகின்றன. அந்நியனே ஆனாலும் துர்மரணம் அடைந்தவனுக்கு ஓர் இடமும் பிடித்த பண்டமும் கொடுத்து அமரவைத்துவிடுவது திருநெல்வேலிச் சீமையின் வழக்கம். யூதர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஒரே கடவுளுக்கன்றி வேறு எவருக்கும் படையல் கூடாது என்ற சட்டத்துக்குள் வாழ்ந்தவர்கள், வந்த ஆவிக்குப் பீடம் கட்ட முடியாது. அதை விசாரித்து, அதன் வழக்கை முடித்து, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

*அப்படியானால் எப்படி ஓட்டுவார்கள்? கோடாங்கி போல யாராவது உண்டா?*
— வாசகர், திசையன்விளை

கிழக்கு ஐரோப்பாவில் ‘பாஅல் ஷேம்’ எனப்பட்டவர்கள் இருந்தார்கள். கடவுளின் திருநாமத்தைக் கையாள வல்லவர் என்று பொருள். தாயத்து எழுதுவார்கள், மூலிகை கொடுப்பார்கள், ஆவியும் ஓட்டுவார்கள். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்து 1760இல் மறைந்த இஸ்ரயேல் பென் எலியேசரும் இவ்வகையில் பெயர்பெற்றவரே. ஆனாலும் சடங்கின் வடிவம் உடுக்கடிப்பதைவிட ஊர்க்கூட்டத்தையே அதிகம் ஒத்திருந்தது. பத்து ஆண்கள் கூடினால்தான் யூதர்களின் பொதுவழிபாடு நடக்கும். ஆவியை ஓட்டுவதற்கும் பத்துப் பேர் கூடினார்கள். திருச்சட்டச் சுருள்களை வெளியே எடுத்தார்கள், தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை ஓதினார்கள், ஆட்டுக்கடாக் கொம்பால் ஆன ‘ஷோஃபார்’ என்ற ஊதுகொம்பை முழக்கினார்கள். கொம்புக்கும் அசையாவிட்டால் கந்தகப் புகை மூக்கில் காட்டப்பட்டது; நம் ஊரில் மிளகாய் வற்றல் புகை போடுவதற்குச் சமமான கொடுமை என்று நினைக்கிறேன். கடைசி ஆயுதம், ஆவியைச் சமூகத்திலிருந்து விலக்கிவைப்போம் என்ற அச்சுறுத்தல். இறந்தவனை ஊர்விலக்குச் செய்வதா என்று சிரிக்க வேண்டாம். இறந்த பிறகும் அவன் யூதச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற உறுதி அதற்குள் இருக்கிறது.

வித்தால் எழுதிவைத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆவி பிடித்தவரின் மணிக்கட்டில் நாடியைப் பிடிக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே வந்த உயிர் அங்கேதான் ஆடைபோல் போர்த்தியிருக்கிறது. நாடியைப் பிடித்தபடி நூற்றொன்பதாம் சங்கீதத்தின் ஒரு வசனத்தை மனத்தில் நிறுத்திக் கடவுளின் பெயர்களை அதனுள் நினைக்க வேண்டும். பிறகு விசாரணை: நீ யார், உன் தகப்பன் பெயர் என்ன, எந்த ஊரில் செத்தாய், என்ன பாவம் செய்தாய்? ‘ஏல, நீ எந்த ஊருக்காரன், எதுக்கு வந்த?’ என்று நம் கோடாங்கி கேட்பதும் இதைத்தான். வேறுபாடு அடுத்த கேள்வியில் இருக்கிறது. கோடாங்கி ‘உனக்கு என்ன வேணும்?’ என்பார், சேவலோ சேலையோ சுருட்டோ பதிலாக வரும். யூத குரு, உன் உயிர் ஈடேற நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்காகச் செபம் சொல்வதாகவும் நூல் படிப்பதாகவும் கூட்டம் வாக்களித்தது. பிடிபட்டவரின் உடம்பைப் போலவே பிடித்ததன் உயிரும் அந்தப் பத்துப் பேரின் பொறுப்பாகிவிட்டது. எனக்குத் தெரிந்த பேயோட்டும் முறைகளில் பேயின்மீது இவ்வளவு அக்கறை காட்டுவது வேறொன்றில்லை.

போகும் வழியும் வரையறுக்கப்பட்டிருந்தது. தொண்டை வழியாகப் போனால் ஆளையும் கொன்றுவிடும் என்று அஞ்சி, காலின் சுண்டுவிரல் வழியாகப் போகும்படி கட்டளையிடுவார்கள். 1571இல் சஃபேத்தில் ஒரு விதவைப் பெண்ணிடமிருந்து வித்தால் ஓட்டியதாகச் சொல்லப்படும் ஆவியும் இடக்காலின் சுண்டுவிரல் வழியாகவே வெளியேறிற்று. சுண்டுவிரலில் ஒரு துளி இரத்தம், சன்னல் கண்ணாடியில் ஓர் ஓட்டை ஆகியவை ஆவி போனதற்கு அடையாளம் என்று பிற்காலக் கதைகள் கூறும். வீட்டு நிலையில் ‘மெசூசா’, அதாவது வேதவசனம் எழுதிய தோல்சுருள், பழுதில்லாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நம் வீடுகளில் நிலைக்கு வேப்பிலை செருகுவதில்லையா?

*புளியமரத்தில் ஆணி அடித்து இறக்கிவிடலாமா?*
— வாசகர், சங்கரன்கோவில்

திப்புக்கை இறக்க முடியாது. மரத்தில் ஏற்கெனவே இருந்து பார்த்து, அடி தாங்காமல் வந்ததுதான் அது.

*வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?*
— வாசகர், நாசரேத் (நம் நாசரேத்துதான்)

திப்புக்குக்கு இல்லை, கெட்ட ஆவிக்கு உண்டு. சவுல் மன்னனைப் பொல்லாத ஆவி கலங்கடித்தபோது, தாவீது சுரமண்டலம் வாசிக்க அவன் தேறினான். அது இறந்தவரின் ஆவி அன்று, கடவுளே விட்ட ஆவி. கத்தோலிக்க விவிலியத்தில் இருந்து தங்கள் திருச்சபையின் விவிலியத்தில் இல்லாத தோபித்து நூலில், சாரா என்ற பெண்ணின் ஏழு கணவர்களையும் முதலிரவிலேயே கொன்ற பேய் ஒன்று வருகிறது. மீனின் இதயத்தையும் ஈரலையும் தீயிலிட்டுப் புகைத்ததும் அது எகிப்துக்கு ஓடிப்போனது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், எலெயாசர் என்ற யூதர் ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன்னிலையில், வேர் பதித்த மோதிரத்தை மூக்கருகே காட்டிப் பேயை இழுத்தெடுத்ததைக் கண்ணாரக் கண்டதாக எழுதியிருக்கிறார். பேய் போயிற்று என்பதைச் சபைக்குக் காட்ட, அருகில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகும்படி எலெயாசர் அதற்கு உத்தரவிட்டாராம். சாட்சியம் கேட்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

*இங்கும் அங்கும் ஏன் பெண்களையே பிடிக்கிறது?*
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பிடிப்பது பெண்களை மட்டும் அன்று. 1545இல் சஃபேத்தில் ஆவி பிடித்ததாகப் பதிவானது ஒரு சிறுவனை. ஆயினும் பெரும்பாலான பதிவுகளில் வந்து புகுவது ஓர் ஆணின் ஆவி, புகப்படுவது ஒரு பெண்ணின் உடம்பு என்பது உண்மை. அக்கால யூதச் சமூகத்தில் பெண்கள் திருச்சட்டத்தைக் கற்கவும் சபையில் பேசவும் இடமில்லை. ஆனால் ஓர் ஆண் அவளுக்குள்ளிருந்து பேசினால் சபையே கூடி உட்கார்ந்து கேட்டது. 1609இல் தமஸ்கு நகரில், அனாவ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வாய்வழியே பேசிய ஆவி, ஊர்ப் பெரியவர்களின் மறைவான பாவங்களை அடுக்கியதோடு நில்லாமல், முதுமையில் அங்கே வாழ்ந்த வித்தாலையே கண்டித்தது. அதை வித்தாலே தம் நாட்குறிப்பு போன்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண் தன் குரலில் இதே சொற்களைச் சொல்லியிருந்தால் யார் எழுதிவைத்திருப்பார்கள்? நம் ஊரில் மாமியார் முன்னால் தலைநிமிராத மருமகள், ஆட்டம் வந்த பொழுதில் குடும்பத்தின் கணக்கையெல்லாம் தீர்த்துவிடுவதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் நடிப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு வாசல் அடைபட்டிருந்தபோது குரல் அந்த வாசலைக் கண்டுகொண்டது என்கிறேன்.

*சாமி வருவது போல நல்ல ஆவி வருவது அவர்களிடம் உண்டா? எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கோமரத்தாடிகள்.*
— வாசகர், அம்பாசமுத்திரம்

உண்டு. அறச்செயல் ஒன்றை முடிக்காமல் இறந்த நல்லவரின் உயிர், அதை முடிப்பதற்காக உயிரோடிருப்பவருக்குள் சிலகாலம் தங்குவதை ‘இப்பூர்’ என்றனர். சூல்கொள்ளுதல் என்று பொருள். ‘மகீத்’ என்பது இன்னும் உயர்ந்தது. விண்ணிலிருந்து வந்து மனிதர் வாயால் உபதேசிக்கும் குரல். யோசேப்பு காரோ என்பவர் 1565இல் வெனிஸில் அச்சான யூதச் சட்டத் தொகுப்பின் ஆசிரியர்; இன்றளவும் பழைமை வழுவாத யூதர்களின் அன்றாட ஒழுக்கம் அந்த நூலைச் சார்ந்தே நடக்கிறது. அத்தகைய சட்டமேதையின் வாயிலிருந்து இரவுகளில் அந்தக் குரல் பேசியது. அவர் உண்ட அளவையும் உறங்கிய நேரத்தையும் சொல்லிக் கடிந்துகொண்டது. அவர் அதைக் குறித்துவைத்தார். மேலே சொன்ன 1545ஆம் ஆண்டுச் சிறுவனிடமிருந்து ஆவியை ஓட்டியவரும் இதே காரோதான். தமக்குள் ஒன்று பேசுவதை வரவேற்றவர், சிறுவனுக்குள் பேசியதை விரட்டினார். எது சாமி, எது பேய் என்று பிரித்தறியும் அந்த வேலை தங்கள் குடும்பத்துக்குப் பழகிய ஒன்றாகவே இருக்கும்.

*என் தங்கைக்குச் சில மாதங்களாக ஆண்குரலில் பேச்சு வருகிறது. பிறகு அவளுக்கே நினைவில்லை. ஒரு வழிபாட்டுத் தலத்தில் தங்கவைக்கச் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?*
— பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி

முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நாம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே அங்கே, மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மன அழுத்தம் இத்தகைய வடிவம் எடுப்பதை மருத்துவம் நன்கு அறிந்திருக்கிறது. வலிப்பு நோயின் சில வகைகளும் இப்படித் தோன்றக்கூடும். உவரி அந்தோணியாரையோ ஆத்தங்கரைப் பள்ளிவாசலையோ தாங்கள் நம்பினால் போய் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், அடிப்பவர், கட்டிப்போடச் சொல்பவர் எவராயினும் அங்கே ஒரு நாள்கூட விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் மாண்டவர்கள் 28 பேர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

*திப்புக் பற்றிய நாடகம் ஒன்று புகழ்பெற்றது என்று படித்தேன். கதை என்ன?*
— வாசகர், கோவில்பட்டி

அன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதியவரின் நாடகம். 1912 முதல் 1914 வரை அவர் ஒரு குழுவோடு, இன்றைய உக்ரைனில் உள்ள வொலினியா, பொதோலியா பகுதிகளின் யூதச் சிற்றூர்களுக்குச் சென்று பாட்டும் கதையும் நம்பிக்கைகளும் சேகரித்தார். நாடகம் அந்தச் சேகரத்தின் ஊடே வளர்ந்தது. இரு நண்பர்கள் தமக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு மணம்முடிப்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். ஒருவர் இறந்துபோகிறார், மற்றவர் செல்வம் சேர்ந்ததும் வாக்கை மறந்து, தம் மகளுக்குப் பணக்கார மாப்பிள்ளை பார்க்கிறார். அவளை விரும்பிய ஏழை மாணவன், இறந்த நண்பரின் மகன், செய்தி கேட்ட கணமே விழுந்து இறக்கிறான். மணமேடையில் அவளுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்கிறது. குரு நீதிமன்றம் கூட்டுகிறார். இறந்த தகப்பனையே வாதியாக அழைத்து வழக்கு நடத்துகிறார். ஆவியை வெளியேற்றியும் விடுகிறார். ஆனால் மணப்பெண் அவனை விட மறுத்து, அவனோடு போய்விடுகிறாள். ‘மனைவியோடே இசைந்திருப்பான்’ என்ற அந்தப் பழைய வினைச்சொல்லை அன்ஸ்கி அதன் முழுப்பொருளுக்கும் கொண்டுபோய்விட்டார்.

1920 நவம்பர் 8இல் அவர் இறந்தார். வில்னா நாடகக் குழு அதை வார்சாவில் முதன்முதலாக மேடையேற்றியது டிசம்பர் 9 அன்று, அவருடைய முப்பது நாள் துக்கம் நிறைவுறும் வேளையில்.

*கொச்சிக்குப் போகிறோம். இது தொடர்பாகப் பார்க்க ஏதாவது உண்டா?*
— வாசகி, செங்கோட்டை

தங்கள் ஊர் வழியாகச் செல்லும் பாலருவி விரைவு ரயிலில் எறணாகுளம் போய் இறங்கி, மட்டாஞ்சேரிக்குச் செல்லுங்கள். 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயிலை வெள்ளி, சனிக்கிழமைகள் தவிர்த்து வேறு நாளில் பாருங்கள். சனி அவர்களுக்கு ஓய்வுநாள். அருகே, 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா என்ற யூத ஞானியின் சமாதி, வெள்ளையடித்த சிறு மேடையாக இருக்கிறது. யூதர்கள் மட்டுமன்றி அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். மெழுகுவர்த்தியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். பழம்பொருள் கடைகளில் யாராவது ஆவிப் பெட்டி என்று சொல்லி விலை கூறினால் வாங்காதீர்கள்.